துரைக்கு நான் பேட்டரி மாட்டிய விதம்

வாக்குமூலம் கொடுப்பவர்: தீப்பிடித்த வீட்டின் குடும்பத் தலைவி. பெயரும் கதவு எண்ணும் புகார் மனுவில் கண்டபடி. வயது ஐம்பத்தெட்டு. தொழில் தையல். கணவர் ஓய்வு பெற்ற லிப்ட் மெக்கானிக், தற்போது இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை முடிந்து மருத்துவமனையில் உள்நோயாளியாக இருக்கிறார்.

நான் மேற்படி முகவரியில் என் கணவருடன் வசித்து வருகிறேன். எங்கள் ஒரே மகள் திருமணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். வீட்டின் பின்புறம் தகரக் கூரை போட்ட ஷெட் ஒன்று உண்டு. அந்த ஷெட்டில் நின்ற பழைய பிரிட்டிஷ் சலூன் கார் தீப்பிடித்து எரிந்தது பற்றியும், தீ சுவரைத் தாண்டிப் போய்ப் பக்கத்து வீட்டு சாருடைய மோட்டார் சைக்கிளையும் தண்ணீர்த் தொட்டியையும் நாசம் செய்தது பற்றியும், நானே வேண்டுமென்று கொளுத்தினேன் என்று அவர் கொடுத்த புகார் பற்றியும் இன்று என்னை விசாரிக்க, நான் சொல்வதாவது.

அந்தக் காரை என் கணவர் எங்கள் மகளைப் பள்ளியில் சேர்த்த வருடம் வாங்கினார். மகளுக்கு இப்போது பள்ளிக்குப் போகிற பிள்ளை இருக்கிறது, கார் இன்னும் எங்கள் கேட்டைத் தாண்டவில்லை. வாங்கும்போதே அது ஓடி வரவில்லை, லாரியில் ஏறி வந்தது. அடுத்த மழைக்காலத்துக்குள் தெருவில் ஓட்டிக் காட்டுகிறேன் என்றார், எந்த மழைக்காலம் என்று நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அதன் பிறகு உதிரி பாகம் கிடைக்கவில்லை என்று அதே மாதிரிக் கார் இன்னொன்று வந்து கொல்லையில் நின்றது. முதல் காருக்கு துரை என்று பெயர் வைத்தது நான்தான். எந்நேரமும் அசையாமல் இருந்துகொண்டே வீட்டில் உள்ள அத்தனை பேரையும் வேலை வாங்கியதால் வைத்தேன். பின்னால் வந்தது சின்ன துரை.

அதன் பிறகு எங்கள் வீட்டில் துரையின் சாமான் இல்லாத இடம் இல்லை. கட்டிலுக்கு அடியில் பம்பர் இருந்தது. கதவு இடுக்கில் கண்ணாடிச் சட்டம் இருந்தது. வந்தவர்கள் நாற்காலியில் உட்கார வேண்டுமானால் முதலில் ஹெட்லைட்டை எடுத்துக் கீழே வைக்க வேண்டும். என் குக்கரில் கார்புரேட்டரை வேகவைத்து அழுக்கு எடுத்தார், அந்தக் குக்கரை நான் மறுபடி அடுப்பில் ஏற்றவில்லை.

கொளுத்திவிடுவேன் என்று நான் சொன்னது உண்மை. பல தடவை சொல்லியிருக்கிறேன். பக்கத்து வீட்டு சார் புகாரில் எழுதியிருப்பது மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது சொன்னது. "ஒரு நாளைக்கு இதுல தீக்குச்சியக் கிழிச்சுப் போட்டுட்டு நான் பாட்டுக்குப் போயிட்டே இருப்பேன் பாருங்க" என்று கீழே நின்ற என் கணவரைப் பார்த்துக் கத்தினேன். சார் எழுதியிருக்கும் வார்த்தைகள் அப்படியே சரி. அன்று சாயங்காலம் நான் துரையின் பின் சீட்டுக்கு உறை தைத்துக் கொடுத்தேன். மேல் கூரையின் உள் துணியும் நான் தைத்ததுதான், கழுத்து பிடித்துக்கொண்டு அந்த வாரம் முழுக்கத் தலையைத் திருப்ப முடியவில்லை. அதெல்லாம் புகாரில் இல்லை.

அத்தனை தைத்துக் கொடுத்தும் அந்த வண்டியில் நான் ஒரு தடவைகூட உட்காரவில்லை. கதவைத் திறந்துவைத்துக் கூப்பிடுவார். ஓடாத வண்டியில் உட்கார எனக்கென்ன தலையெழுத்தா என்று போய்விடுவேன். கடைசியாகக் கூப்பிட்டபோது, "ரேடியோ வைங்க, பாட்டுக் கேட்டுக்கிட்டே வரேன்" என்றேன். வாயை அடைக்கத்தான் அப்படிச் சொன்னேன். அதற்கு அவர், "இப்ப வர்ற ரேடியோ எதையும் இதுல மாட்ட முடியாது. இந்த வண்டிக்குக் கரண்டே தலைகீழ்" என்றார்.

அந்தத் தலைகீழ் என்ன என்று இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டதால் சொல்கிறேன். இப்போதைய வண்டிகளில் பேட்டரியின் மைனஸ் வயரை வண்டியின் இரும்பு உடம்போடு, அதாவது பாடியோடு சேர்ப்பார்கள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பிளஸ் வயரைத்தான் பாடியோடு சேர்க்க வேண்டும். மாற்றி மாட்டினால் வண்டி போய்விடும் என்பார். சாப்பிடும்போதும் இதைத்தான் சொல்வார், நான் சட்டைக்குக் காஜா எடுக்கும்போது எதிரில் வந்து உட்கார்ந்தும் இதைத்தான் சொல்வார். "எங்க சொல்லு, பாடிக்கு எது?" என்று கேட்பார், பிளஸ் என்று நான் சொன்னால்தான் எழுந்து போவார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

அதன் பிறகு சில வாரங்களாக அவர் ஷெட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தார். நான் போனால் பெயிண்ட் வாடை, வராதே என்றார். எத்தனையோ வருடம் அந்த வாடையிலேயே சோறு தின்றவளுக்கு இப்போது என்ன புதிதாக என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. அதன் பிறகு பேட்டரியைக் கழற்றி ஷெட்டிலேயே ஒரு பலகை மேல் வைத்தார். அந்த வாரமே குளியலறையில் வழுக்கி விழுந்தார். மருத்துவமனையில் சேர்த்து இடுப்பில் ஆபரேஷன் செய்தார்கள்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்று டாக்டர் சொன்னார். ஆனால் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். சாப்பாட்டை அப்படியே திருப்பி அனுப்பினார், நர்ஸ் பிடித்து நடக்க வைக்க வந்தால் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு நாள் தானாகவே, "பேட்டரி சும்மாவே கெடந்தா செத்துரும்" என்றார். சார்ஜ் போட்டு வைக்கிறேன் என்றேன். "வேணாம் விடு. செத்தா சாகட்டும்" என்றார். அவர் பேட்டரியைச் சொன்னதாக எனக்குப் படவில்லை.

அதனால் வண்டியை ஸ்டார்ட் செய்து, அந்தச் சத்தத்தைப் போனில் அவருக்குக் கேட்க வைப்பது என்று முடிவு செய்தேன். இதை மகளிடம்கூடச் சொல்லவில்லை. அதன் பிறகு தெருமுனை பேட்டரிக் கடைக்காரரைக் கூப்பிட்டுப் பேட்டரியைக் கொடுத்தேன். அவர் மறுநாள் காலை சார்ஜ் போட்டுக் கொண்டுவந்து வண்டிக்குள் இறக்கி வைத்து, தானே மாட்டிக் கொடுப்பதாகச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். "நீங்க ஊர்ல இருக்கற வண்டி மாதிரி மாட்டிருவீங்க. இது தலைகீழ்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "எல்லா வண்டியும் ஒண்ணுதான்கா" என்றார். உங்களுக்குத் தெரியாது, நீங்கள் போங்கள் என்று அனுப்பிவைத்தேன். அவரை விசாரித்தால் இதைச் சொல்வார், அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

அதன் பிறகு நான் பாடி வயரை எடுத்துப் பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டினேன். அந்த வயரின் நுனியில் இருக்கும் கிளாம்ப் வளையம் பேட்டரிக் குமிழில் இறங்கவில்லை. எங்கள் வீட்டில் எந்தச் சாமான் முதல் தடவையிலேயே பொருந்தியிருக்கிறது? அவர் செய்வது போல மரச் சுத்தியலால் தட்டி இறக்கினேன். அதன் பிறகு மற்ற வயரை மைனஸில் வைத்தேன். அது லொடலொடவென்று இருந்தது, ஒரு தகரத் துண்டை மடித்துச் சொருகினேன். வைத்த உடனே பொறி பறந்தது. துரைக்குக் கொஞ்சம் முன்கோபம் உண்டு என்று அவர் சொல்லிக் கேட்டிருந்ததால் நான் ஸ்பானரை எடுத்து முடுக்கினேன். சாவியைத் தொடவே இல்லை. அதற்குள் எஞ்சின் பக்கமிருந்து புகை வந்தது, ஒரு வயர் மேல்தோல் உருகிச் சிவந்தது. கிளாம்ப்பைக் கழற்றப் பார்த்தேன், ஒட்டிக்கொண்டது போல வர மறுத்தது. அதன் பிறகு அந்தச் சிவந்த வயரையே கையால் பிடித்து இழுத்தேன்.

கொளுத்த நினைத்தவள் வயரைப் பிடித்து இழுப்பாளா என்று நான் கேட்கவில்லை, அதை ஐயாவே யோசிக்கட்டும். பக்கத்தில் இருந்த, பெயிண்ட்டில் கலக்கும் தின்னர் டின்னில் தீ பிடித்ததும் நான் வெளியே ஓடிவந்து கத்தினேன். முதலில் குடத்தோடு ஓடிவந்தவர் பக்கத்து வீட்டு சார்தான். தீயணைப்பு வண்டி வந்தபோது நான் தைத்த கூரைத் துணி கீழே விழுந்து எரிந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு என் கணவர் இருக்கும் அதே மருத்துவமனையில் எனக்குக் கட்டுப் போட்டார்கள். போட்டதும் நேராக அவர் படுத்திருந்த வார்டுக்குப் போனேன். யாரோ சொல்லி, நான் கொளுத்தினேன் என்று அவர் நம்பிவிடக் கூடாது என்பதுதான் என் பயம். கேஸைப் பற்றி அப்போது எனக்கு நினைப்பே இல்லை. "துரை எரிஞ்சு போச்சுங்க" என்றேன். கை என்ன ஆயிற்று என்று கேட்டார். மறுபடியும் வண்டி எரிந்ததையே சொன்னேன். "கைய என்னன்னு கேட்டேன்" என்று அதட்டினார். முழுவதையும் சொன்னேன். அதன் பிறகு, "பாடிக்கு எதக் குடுத்த?" என்று கேட்டார்.

"பிளஸ்தான். நீங்க சொன்ன மாதிரியேதான்" என்றேன்.

அவர் முகத்தைப் போர்வையால் மூடிக்கொண்டார். உள்ளே இருந்தபடியே சொன்னார், "மாத்திட்டேன்மா. நீ ரேடியோ கேட்டியேன்னு எல்லாத்தையும் மைனஸுக்கு மாத்திட்டேன்." கரண்ட் எடுக்கிற பழைய டைனமோவைக் கழற்றிவிட்டு இந்தக் காலத்து ஆல்டர்னேட்டர் போட்டாராம். அதில் பேட்டரியை மாற்றி மாட்டினால் அந்த நொடியே வயர் தீப்பிடிக்குமாம். பேட்டரியில் பிளஸ் குமிழ் கொஞ்சம் பருமன், மைனஸ் குமிழ் சிறியது; கிளாம்ப்புகளையும் அதற்கேற்ப மாற்றியிருந்தாராம், அதனால்தான் ஒன்று இறங்கவில்லை, ஒன்று லொடலொட என்றிருந்தது. நான் ஏறி உட்கார்ந்ததும் பாட்டுப் போட்டுக் காட்டலாம் என்று என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தார். பிறகு போர்வைக்குள்ளேயே அழுதார். எனக்கும் அழுகை வந்திருக்கும், அதற்குக்கூடத் தெம்பு இல்லை.

அன்று சாயங்காலம் அவரே சாப்பாடு கேட்டார். நர்ஸைக் கூப்பிட்டு வராந்தா வரை நடந்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, கொல்லையில் சின்ன துரைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றார். ஆகவில்லை என்றேன். அதன் பாடி நல்ல பாடி என்றார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அங்கேயே தரையில் படுத்துத் தூங்கிவிடலாம் போலவும் இருந்தது.

ஷெட்டில் எடுத்ததாக இப்போது என்னிடம் காட்டப்பட்ட, உருகிப்போன சிறிய பெட்டி ரேடியோவாகத்தான் இருக்க வேண்டும். அதை நான் இதற்கு முன் பார்த்தது இல்லை. விசாரணை முடிந்ததும் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன்.

பக்கத்து வீட்டு சாருடைய நஷ்டத்துக்கு நாங்கள் பொறுப்பு. கொளுத்துவேன் என்று நான் சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. என் கணவர் பேச்சைக் கேட்காமல் செய்தேன் என்று மட்டும் எழுத வேண்டாம். கேட்டதால்தான் இப்படி ஆயிற்று.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, யாரும் சொல்லிக் கொடுத்தோ மிரட்டியோ சொல்லவில்லை, அத்தனையும் உண்மை. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். வலது கையில் கட்டு இருப்பதால் ரேகை வைக்கிறேன்.

(இடது கைப் பெருவிரல் ரேகை)