மடிச்ச சீட்டு

மெதுவா மடிம்மா, ஓரத்துல பிசுறு தெரியுது பாரு. இந்த கிஃப்ட் பேப்பருக்கு வேற உங்க கடையில தனியா காசு புடுங்கறீங்க. பட்ஜெட் போடும்போது பேப்பர்னு ஒண்ணு இருக்கறதே எனக்குத் தோணல...

எங்க குடும்பத்துல பரிசுக்கு பட்ஜெட் போட்டதே நான்தான். வருஷா வருஷம் லீவுக்கு மாமியார் வீட்ல கூடுவோம். ஆளாளுக்கு எல்லாருக்கும் பரிசு வாங்கிட்டு, அடுத்த மாசம் முழி பிதுங்கும். அதுலயும் என் ஓரகத்தி வாங்கிட்டு வர்றதைப் பாத்தா, நம்ம பொட்டலத்தைப் பைக்குள்ளயே வச்சுக்கலாம்னு இருக்கும். அதான் இந்தத் தடவை சொன்னேன், பேரெழுதி டப்பாவுல போட்டுக் குலுக்குவோம், ஆளுக்கு ஒரு சீட்டு, அதுல இருக்கறவங்களுக்கு மட்டும் வாங்கினாப் போதும், இவ்வளவுக்கு மேல போகக் கூடாது. யாருக்கு யாருன்னு ரகசியம். மாமியாரே தலையாட்டிட்டாங்க.

டேப்பை அங்க ஒட்டாத, இங்க.

எனக்கு என்ன வரும்னு நினைக்கற? முந்தின வருஷம் நாத்தனார் குடுத்தது வாசல்ல போடற மிதியடி. போன வருஷம் என் வீட்டுக்காரர் எடை பாக்கற மெஷின். நான் ஏறி நின்னேன், அவரு குனிஞ்சு பாத்துட்டு, "நல்லா வேலை செய்யுது"ங்கறாரு. இவளுக்கு என்ன பிடிக்கும்னு ஒருத்தராவது... சரி விடு.

அதான் என் சீட்டை மட்டும் அடையாளத்துக்கு ஓரத்துல மடிச்சு வச்சு, முதல் ஆளா கையை விட்டு நானே எடுத்துக்கிட்டேன். ஆமா, இது எனக்குத்தான். ஏம்மா கையை நிறுத்திட்ட? ஹெட்போன். நான் சொன்ன தொகைக்குள்ள வர்றது ஒரு காதுலதான் கேக்குமாம். எனக்கு ரெண்டு பக்கமும்ல சொந்தக்காரங்க உக்காருவாங்க? கூடத்தான் போட்டு வாங்கினேன்.

ஆனா பாரு, இந்த வாரம் பூரா எங்க வீட்டுக்காரர் ஒவ்வொருத்தரையா தனியா கூப்பிட்டு, "அவ சீட்டு உங்ககிட்டயா, மாத்திக்கலாமா"ன்னு கேட்டுட்டுத் திரியறாரு. எல்லாரும் இல்லைன்னுட்டாங்க. நேத்து என்கிட்டயே வந்து, "உன் பேரை எழுத மறந்துட்டியா? உனக்குன்னு ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், வேற யாராவது வாங்கிட்டா நல்லாவா இருக்கும்"ங்கறாரு. சீட்டு இந்தப் பர்சுக்குள்ள கிடக்கு. பர்சைக் கொண்டு போய் அலமாரியில வச்சுப் பூட்டிட்டேன்.

பொட்டலத்தைப் பிரிச்சிடேன்... சீட்டை அவருகிட்ட குடுத்துடறேன், எங்கயோ கிடந்துச்சுன்னு.

இரு, பிரிக்காத. மாத்திக்கிட்டா அவரு சீட்டு எனக்கு வரும்ல? அவருக்கு வந்திருக்கறது என் ஓரகத்தி, நேத்து அவரே உளறிட்டாரு. அடப்பாவமே, ரெண்டு காது ஹெட்போன் அவளுக்கா?

...

சரி, ஒட்டு. அவ பேரைச் சொல்றேன், அட்டையில நீயே எழுது, என் கையெழுத்துன்னா கண்டுபிடிச்சிடுவா.

எனக்கு என்னமோ வரட்டும். இன்னொரு எடை மெஷினே வந்தாலும் மெஷினுக்கொரு காலை வச்சு நின்னுக்கறேன்.