பொருத்தமான கன்ட்ரோலர்

மாமனாரின் முழங்காலுக்கு மேலே துண்டைச் சுற்றி நான் இறுக்கிக்கொண்டிருந்தபோது, அவர் கூடத்து விளக்கைக் காட்டி, "பட்டப்பகல்ல எதுக்கு மாப்பிள்ளை லைட்டு? அணைங்க," என்றார்.

பெரியவர்கள் சொல்லை நான் தட்டுவதில்லை. துண்டை விட்டுவிட்டு எழுந்து போய் அணைத்தேன். அப்படியே சமையலறை, மாடிப்படி விளக்குகளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தேன். அவருக்கு அது ஒரு நிம்மதி. ஆம்புலன்ஸ் வந்தபோது எதையும் அணைக்கச் சொல்லும் நிலையில் அவர் இல்லை.

விபத்து என்று எழுதி மூடிவிட்டீர்கள், இன்ஸ்பெக்டர் சார். நல்ல அறிக்கைதான். ஆனால் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: 'முதல் முறை ரோபோ செய்பவர் என்பதால், பொருத்தமற்ற கன்ட்ரோலரை அறியாமல் வாங்கியிருக்கிறார்.' அந்த வரியைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன்.

நான் வீட்டோடு மாப்பிள்ளை. ஏழு வருடம். மாமனார் பட்டறை ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். எதையும் முடியும் வரை எரியவிட மாட்டார். முட்டை வேகும் முன்பே அடுப்பை அணைப்பார், மீதியைச் சூடு பார்த்துக்கொள்ளும் என்று. தெருமுனையிலேயே பைக் இன்ஜினை நிறுத்திவிட்டு வாசல் வரை உருண்டு வருவார். நான் தலையில் சோப்புடன் நிற்கும்போது வெந்நீர் சுவிட்சை அணைப்பார். "குழாய்ல இருக்கிறதே போதும் மாப்பிள்ளை!" என்று வெளியிலிருந்து குரல் வரும்.

இதற்கெல்லாம் ஒருவரைக் கொல்வார்களா என்று கேட்பீர்கள். மாட்டார்கள். நானும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறு. நான் வாங்கும் எதையும் அவர் தூக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து, "ஏமாத்திட்டான்," என்பார். குக்கர், செருப்பு, மெத்தை எல்லாவற்றுக்கும் அதே தீர்ப்பு. ஒருநாள் விருந்தினர் முன்னால் சொன்னார்: "எம் பொண்ணைத் தவிர மாப்பிள்ளை உருப்படியா ஒண்ணையும் தேர்ந்தெடுத்ததில்ல. அதுவும் நான் காட்டினதாலதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

டிவியில் ரோபோ சண்டை பார்த்துவிட்டு நாமும் ஒன்று செய்து போட்டிக்குப் போகலாம் என்றவர் அவர்தான். சட்டம், சக்கரம், முன்னால் சுழலும் எஃகுத் தகடு எல்லாம் அவர் கைவேலை. எனக்கு ஒதுக்கியது கன்ட்ரோலர். தீப்பெட்டி அளவு பலகை, சார். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் உட்கார்ந்து, ரிமோட் சொன்னபடி வேகத்தைக் கூட்டும், குறைக்கும். சொன்னதைச் செய்வது மட்டும்தான் வேலை. எனக்குப் பழக்கமான உத்தியோகம்.

முதலில் அலுவலக நண்பரிடம் இரவல் வாங்கிப் பொருத்தினேன். மாமனார் கூடத்தின் ஒரு கோடியில் நின்று ரோபோவை மறுகோடிக்கு ஓட்டினார், திருப்பினார், தன்னை நோக்கி வேகமாக வரவழைத்தார். பாதி வழியிலேயே ரிமோட்டை அணைத்துவிட்டார். ரோபோ பிரேக் போட்டு, அவர் கால்விரலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. தகடும் நின்றது.

"பாத்தீங்களா? மீதி தூரம் இலவசம்."

பார்த்தேன். தினமும் பார்த்தேன். ஒரு நாளும் அவர் காலை நகர்த்தியதில்லை.

நண்பர் தன் பொருளைத் திருப்பிக் கேட்டார். சொந்தமாக வாங்க மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். இணையத்தில் பதினோரு பேர் பதினான்கு விதமாகச் சொன்னார்கள். எத்தனை ஆம்பியர் தாங்கும், பின்னோக்கிச் சுற்றுமா, எவ்வளவு சூடாகும் என்று நோட்டுப் போட்டு எழுதினேன். கடைசிக் கட்டத்தில் ஒரு கேள்விதான் மிஞ்சியது. சிக்னல் நின்றுபோனால் கன்ட்ரோலர் என்ன செய்யும்? பெரும்பாலானவை மோட்டாரை நிறுத்திவிடும். மிகச் சில, கடைசியாக வந்த உத்தரவையே பிடித்துக்கொண்டு ஓடும்.

கடைக்காரர் நல்லவர். எச்சரித்தார்.

"சார், இது ரிமோட் ஆஃப் ஆனாலும் நிக்காது. போட்டியில உள்ளயே விட மாட்டாங்க."

"பரவாயில்லைங்க. வீட்டு உபயோகத்துக்குத்தான்."

"வீட்டுக்கா?" என்று ஒரு நொடி பார்த்தார். பிறகு பொட்டலம் கட்டினார். சக்கரத்துக்கு இரண்டு, தகட்டுக்கு ஒன்று.

அன்று என்ன நடந்தது என்பது உங்கள் படங்களில் இருக்கிறது. முதலில் கணுக்கால். அவர் விழுந்த பிறகு மற்றவை. பேட்டரி வயரைப் பிடுங்கியவன் நான்தான். சற்றுத் தாமதமாக.

காரியங்கள் முடிந்தபின் என் மனைவி, அழுது வீங்கிய முகத்தோடு சொன்னாள்: "அப்பா சொன்னது சரியாப் போச்சு. உங்களுக்கு ஒரு சாமான் பாத்து வாங்கத் தெரியலையே." அடுத்த நாள் உங்கள் அறிக்கையிலும் அதே பேச்சு. இப்படியே போனால் ஊரே நம்பிவிடும், சார். மனிதனுக்கு மானம் என்று ஒன்று இருக்கிறது. நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். நாற்பத்தொரு கன்ட்ரோலர்களை ஒப்பிட்டிருக்கிறேன். அறியாமல் வாங்கியதாக நீங்கள் எழுதிய கன்ட்ரோலருக்கு, பதினெட்டாம் பக்கத்தில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறது.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். யாரிடமும் சொல்லாதது.

அன்று காலை புதுப் பலகைகளைப் பார்த்தவர், வழக்கம்போலத் தட்டிப் பார்க்கவில்லை. ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, ஏழு வருடத்தில் முதல் முறையாக என்னிடம் கேட்டார்.

"மாப்பிள்ளை, ரிமோட்டை அணைச்சா இதுவும் பழசு மாதிரியே நிக்குமில்ல?"

"நிக்கும் மாமா. நீங்க நகர வேணாம்."

"மூணு வாரம் பாத்து வாங்கியிருக்கீங்க. சரியாத்தான் இருக்கும்."

சரியாகத்தான் இருந்தது.