கம்பளி

கண்டியிலிருந்து புறப்பட்ட ஹுன்னஸ்கிரிய பஸ்ஸில் எல்லாருக்கும் வியர்த்துக்கொண்டிருந்தது. எனக்கு முன் இருக்கைப் பெண் மட்டும் மடியில் ஒரு தடித்த கம்பளியை வைத்திருந்தாள். பக்கத்தில் இருந்தவள் வயதில் கொஞ்சம் மூத்தவள்.

"வீட்டுக்காரருக்குன்னு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதத் திருப்பிக் கொண்டு வர்றியே?"

"வார்டுல வேணாம்னுட்டாங்க அக்கா. இந்தக் கம்பளியாலதான் எல்லாம் வந்திச்சு."

"கம்பளி என்ன செஞ்சிச்சு?"

"குடலை வெட்டி எடுத்ததுல இருந்து அவருக்குச் சாப்பாடு நெஞ்சுல வச்ச குழாய் வழியா நேரா ரத்தத்துக்குத்தானே. வீட்டுல நான்தான் பையை மாட்டி ஏத்துவேன். போன கிழமை மாட்டினதும் நடுங்கினாரு. நம்ம மலைக் குளிர்தானேன்னு இதப் போத்தி விட்டேன்."

"யாரா இருந்தாலும் அப்பிடித்தான் நெனைப்பாங்க."

"மூணு நாளா அப்பிடித்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனப்ப, எந்நேரம் நடுங்கும்னு டொக்டர் கேட்டாரு. அந்தியிலன்னேன். பையை எந்நேரம் மாட்டுவீங்கன்னாரு. அதுவும் அந்தியிலதான். குழாயில கிருமியாம். நான் ஏத்த ஏத்த அது ரத்தத்துல கலந்திருக்கு."

கண்டக்டர் வந்து இருவருக்கும் டிக்கட் கொடுத்துவிட்டுப் போனார்.

"இப்ப எப்பிடி இருக்காரு?"

"இன்னும் கண்ணு தொறக்கல." கம்பளியை மடித்தாள், பிறகு அதையே பிரித்து மறுபடி மடித்தாள். "கடைசி நாளு, கழட்டிருன்னு என் கையப் புடிச்சாரு அக்கா. பாதிப் பை மிச்சமிருந்திச்சு. சாப்பாட்ட வீணாக்கக் கூடாதுன்னு முழுசையும் ஏத்திட்டுத்தான் கழட்டினேன்."