போன் டெட்

டீ நன்றாகத்தான் இருக்கிறது சார், சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

என் பெயர் தேவானந்தம். முடிச்சூர் ரோட்டில் எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கிறேன். பிரசவமோ சாவோ, ஒரு காலத்தில் இந்த ஏரியாவின் சேதியெல்லாம் என் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவார்கள். அப்புறம் ஆளுக்கொரு செல் வந்தது. பக்கத்திலேயே மோகன்ராஜ் செல் கடை போட்டான். நல்ல பையன், வாய்தான் சும்மா இருக்காது.

“இன்னாண்ணா, இத்த இன்னுமா தொடச்சிகினு கீற? காயலாங்கடைல போட்டுட்டு வூட்ல குந்து” என்பான். கடைக்கு வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வயிறு எரியும் சார், மறைப்பானேன். போனை மட்டுமா சொன்னான்?

போன நவம்பர் மழையில் கரண்ட் போய், செல் டவரும் படுத்துவிட்டது. ரோட்டில் முழங்கால் தண்ணீர். சாயங்காலம் மோகன்ராஜின் மனைவி மேகலா நனைந்துகொண்டு ஓடிவந்தாள்.

“அண்ணா, அவரு நெஞ்சு வலிக்குதுன்னு கீழ வுழுந்துட்டாரு. செல்லுல டவரே இல்ல. நூத்தியெட்டுக்கு ஒரு போன் போடுங்கண்ணா.”

ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். லேண்ட்லைனுக்குக் கரண்ட் வேண்டாமே. டயல் டோன் கணீரென்று கேட்டது.

“டெட்டா கீதும்மா” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆட்டோ தேடித் தண்ணீரில் ஓடினாள். நான் அவனைத் தொடக்கூட இல்லை. இந்த போனால் இனி உபயோகமில்லை என்று தினமும் சொன்னவன் அவன்தான். அவன் பேச்சை மதித்தேன், அவ்வளவுதான். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, லைன் வந்துவிட்டது என்று நானே போய்ச் சொன்னேன். மறுநாளும் டவர் வரவில்லை. படப்பை, ஊரப்பாக்கம் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் என் பூத்திலிருந்துதான் சேதி போனது. வாசலில் குடையோடு வரிசை நின்றது. ஒருவரிடமும் காசு வாங்கவில்லை. நம்பரைக்கூட நானே போட்டுக் கொடுத்தேன். சொல்லப்போனால், மனசு நிறைந்துவிட்டது சார்.

காரியம் முடிந்ததும் மேகலா வந்து கும்பிட்டாள். “நீங்க இல்லன்னா இவ்ளோ பேரு அவரு மொகத்த பாத்திருக்க மாட்டாங்கண்ணா.”

“ஏதோ, என்னால ஆனதும்மா” என்றேன்.

நான் உண்மையைத்தான் சொன்னேன் சார். அவளுக்குத்தான் புரியவில்லை.