மூடாத ஆறு செத்தவீடுகள்

“ஐயா, இதுக்குள்ள ஆறு செத்தவீடு திறந்து கிடக்கு.”

நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்குப் போகும் காலைப் படகில், எனக்கு முன்னால் இருந்த, பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிக்கும் ரீச்சர் இப்படிச் சொன்னார். அவருடைய மடியில் பக்கத்திலிருந்த முதியவரின் மடிக்கணினி. வரவர மெதுவாகிவிட்டதென்று யாழ்ப்பாணத்துக் கடைக்குக் கொண்டுபோகிறாராம்.

“ஓம் பிள்ளை. கனடாவிலயும் லண்டனிலயும் செத்த எங்கட ஆக்கள். வீடியோ அனுப்பிவிட்டவை.”

“பார்த்து முடிஞ்சதுகளை மூடாமல் விட்டால் இழுபடத்தானே செய்யும்.”

“ஒண்டும் பார்த்து முடியேல்லை.”

“ஏன்?”

“பிரேதப் பெட்டி மூடப் போகேக்குள்ள வீடியோவை நிப்பாட்டிப் போடுவன். பிறகு முகம் பார்க்க ஏலாதெல்லே.”

ரீச்சர் நின்றுபோயிருந்த ஆறு வீடியோக்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்.

“இரவிலயும் கம்பியூட்டரை ஓவ் பண்ணி வைக்கிறேல்லையோ?”

“பண்ணினால் முதலில இருந்தெல்லே தொடங்கும். என்ர தம்பியின்ர முகம் வர ரெண்டு மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருக்க வேணும்.”

“தம்பியின்ரயை விட்டிட்டு மற்ற அஞ்சையும் மூடிவிடட்டோ?”

முதியவர் திரையைப் பார்த்தார். ஒரு முகத்திலிருந்து மற்ற முகத்துக்கு மாறி மாறிப் பார்த்தார்.

“வேற பழுது ஒண்டும் இல்லையோ?”

“இல்லை ஐயா. கடைக்குப் போகவே தேவையில்லை.”

“அப்ப அப்பிடியே தாரும் பிள்ளை. மெதுவா ஓடட்டும். வீட்டில என்னை அவசரப்படுத்த ஆர் இருக்கினம்?”