சூளை மேல் காயவைத்த போன்

ஸ்ரீமுஷ்ணம் போகும் டவுன் பஸ். எனக்கு முன் சீட்டில், பீங்கான் பொம்மை கம்பெனி வேலை முடிந்து வந்த இரண்டு பெண்கள். புடவையெல்லாம் வெள்ளை மண்.

"போனை யாராவது சூளை மேல வெப்பாங்களாடி?"

"மண்ணு கரைசல்ல வுழுந்துடுச்சுக்கா. பொம்மையெல்லாம் அங்கதான காயுது, இதுவும் காயட்டும்னு வெச்சேன். மூடி வளைஞ்சு பேட்டரி லூசாயிடுச்சு. தானா அணைஞ்சு தானா எரியுது."

"என் போனுல உன் சிம்மைப் போடேன்."

"இது சிம்மே இல்லாத பழைய மாடலுக்கா. கம்பெனிக்காரனே நம்பர போனுக்குள்ள ஏத்திக் குடுத்தது. கோச்சுக்கிட்டுப் போன புள்ளைக்கு இந்த ஒரு நம்பருதான் தெரியும்."

"கூப்புட்டானா?"

"ரெண்டு தடவ, திருப்பூர்லேர்ந்து, ஒத்த ரூவா காசு போடுற போனுல. ரெண்டு தடவயும் சாப்புட்டியான்னுதான் கேட்டேன். அதுக்குள்ள அணைஞ்சிடுச்சு. இன்னொரு தடவ கூப்புடட்டும், எந்த எடம்னு கேக்காம வேற பேச்சே கிடையாது."

பஸ் டிக்கெட்டை நாலாக மடித்துப் பேட்டரிக்குப் பின்னால் திணித்தாள். மூடியைப் போட்டுக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

கம்மாபுரம் பிரிவு ரோடு தாண்டி கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"டேய், எதுவும் பேசாத. எந்த எடத்துல இருக்க, அத மட்டும் சொல்லு... வாட்டர் டேங்குக்கு எதிர் சந்து... மூணாவது பனியன் கம்பெனி... செரி. சாப்புட்டியா?"

போன் அணைந்திருந்தது.

அவள் எழுந்து நின்றாள்.

"கண்டக்டரு, நிறுத்துங்க. நான் திருப்பூரு போவணும்."