வடக்கனந்தல் ரோட்டு வாகைமரம்

சைக்கிளில் டபுள்ஸ் வைத்து ஓட்டுவதில் வடக்கனந்தலில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது, ஐயா. மேட்டில்கூட இறங்கித் தள்ளமாட்டேன். பின்னால் உட்கார்ந்திருக்கும் மார்கரெட் சேலை கசங்காமல் பள்ளிக்கூட வாசலில் இறங்குவாள்.

அவள் டீச்சர். நான் சேவியர்ராஜ், அவள் புருஷன். அதைத் தவிர எனக்கு வேறு உத்தியோகம் இல்லை. பரீட்சை எழுதிப் பார்த்தேன், கடை வைத்துப் பார்த்தேன், எதுவும் உருப்படவில்லை. அவள் ஒரு வார்த்தை குத்திப் பேசியதில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவள் வேலைக்குக் கிளம்பியதும், என்னால் ஆகவேண்டியது ஒன்றுமில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு ஏழு வருஷம் உட்கார்ந்திருந்தேன்.

சின்ன வயதில் அம்மை போட்டு ஒரு கண் போனவள். எண்பத்தைந்தில் மறு கண்ணில் புரை விழுந்தது. அப்புறம்தான் நானும் ஒரு மனுஷன் ஆனேன். பாடத்தை நான் வாசிப்பேன். கேட்டுவைத்துக்கொண்டு அவள் வகுப்பில் நடத்துவாள். விடைத்தாளை நான் திருத்துவேன். மீனில் முள் எடுத்துக் கொடுப்பேன். "நீங்க கீறீங்க, எனக்கு இன்னா பயம்?" என்பாள். அந்த இரண்டு வருஷம் நாங்கள் வாழ்ந்ததுபோல் யாரும் வாழ்ந்திருக்கமாட்டார்கள்.

எண்பத்தேழு செப்டம்பரில் சேலத்து டாக்டர் பார்த்தார். புரை முற்றி அழுத்தம் ஏறிவிட்டது, வருகிற திங்கட்கிழமைக்குள் ஆபரேஷன் செய்தால் பழையபடி படிக்கலாம், தள்ளினால் போனது போனதுதான் என்றார். பஸ்ஸில் திரும்பும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே உங்களுக்குச் செரமம் இல்லீங்க" என்றாள். நான் கையை உருவிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த நாளே இடஒதுக்கீட்டு மறியல் தொடங்கிவிட்டது. எங்கே பார்த்தாலும் ரோட்டில் வெட்டிப்போட்ட மரம், பஸ் கிடையாது. கள்ளக்குறிச்சியில் கடை வைத்திருக்கும் அவள் தம்பி பிரிட்டோ நாயாய் அலைந்து, குறுக்கு வழியெல்லாம் தெரிந்த ஒரு ஜீப்காரனைப் பிடித்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வண்டி வரும் என்று சொல்லி அனுப்பினான். எங்கள் ஊர் ரோட்டில் மட்டும் அதுவரை மரம் விழவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோடாலியோடு போய், வளைவில் நின்ற வாகைமரத்தை வெட்டினேன். பட்டப்பகல்தான். வழியில் வந்த இரண்டு பேர் என்னைப் போராட்டக்காரன் என்று நினைத்துக்கொண்டார்கள். "இன்னாண்ணே, ஒண்டியா வெட்டிக்கினு கீறீங்க? நவுருங்க" என்று ஒருவர் கோடாலியை வாங்கிக்கொண்டார். மரம் சாய்ந்ததும் குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். நல்ல மனுஷர்.

ஜீப்காரன் மரத்தைக் கண்டதும், ஆட்கள் பதுங்கியிருப்பார்கள் என்று பயந்து திரும்பிவிட்டான். அடுத்த வண்டி வெள்ளிக்கிழமைதான் கிடைத்தது. டாக்டர் கையை விரித்துவிட்டார். மரம் வெட்டினவனை மார்கரெட் ஒருநாளும் சபித்ததில்லை. "அவனுக்கு இன்னா கஷ்டமோ" என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

போன மாசம் பிரிட்டோ கடையில் என்னை அடையாளம் கண்டுகொண்டு, அந்த மரத்துக் கதையைச் சிரிக்கச் சிரிக்க எடுத்துவிட்டார், அன்றைக்கு என் கையிலிருந்து கோடாலியை வாங்கிய இருசப்பன். அதைக் கேட்டுத்தான் பிரிட்டோ ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் புகார் கொடுத்தான்.

வெட்டியது நான்தான். அவளுக்குப் பார்வை திரும்பக்கூடாது என்றுதான் வெட்டினேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவளுக்கும் தெரிய வேண்டும் என்கிறீர்கள், நியாயம்தான். காகிதத்தை என்னிடம் கொடுங்கள், நானே வாசித்துக் காட்டுகிறேன். வேறு யார் வாசித்தாலும் அவள் நம்பமாட்டாள்.